சொந்த நிலத்துச் சீமைக் கருவேலையை வெட்டி ஏற்ற என்னென்ன காகிதம் வேண்டும்?

#1 மேட்டுக்காடு

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதி பக்கம் எங்களுக்கு மூன்றே கால் ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அப்பா காலத்தில் மிளகாயும் கம்பும் போட்ட நிலம். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் திருப்பூரில் இருப்பதால் நிலத்தைப் பார்க்க ஆளில்லை. இப்போது உள்ளே நுழையவே வழியில்லை. வரப்பு எது, ஓடை எது என்று தெரியாத அளவுக்குக் கருவேலை மண்டிவிட்டது.

விறகு வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். தானே ஆள் வைத்து வெட்டிக்கொள்வாராம், டன் கணக்கில் எனக்குக் காசு கொடுப்பாராம். "காகிதமெல்லாம் எதுக்குத் தம்பி, கருவேலைக்கு யாரு கேக்கப் போறா" என்கிறார். ஆனால் போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு டிராக்டர் விறகை மடக்கி இரண்டு நாள் போட்டுவைத்துவிட்டார்கள் என்று சித்தப்பா பயமுறுத்துகிறார்.

கருவேலை தவிர நிலத்தில் நான்கு பனை, இரண்டு வேம்பு, கிணற்று மேட்டில் அப்பா வைத்த தேக்கு ஒன்று. வெட்ட அனுமதி வேண்டுமா, ஏற்றிப் போக அனுமதி வேண்டுமா, இரண்டும் ஒன்றா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வடக்கு_வாசல்

உங்க நிலம், உங்க மரம். எவன் கேட்பான்? வெட்டி ஏத்துங்க. அதுவும் கருவேலையை ஒழிக்கச் சொல்லி ஐகோர்ட்டே உத்தரவு போட்டாச்சு. எங்கே நின்னாலும் யார் வேணா வெட்டலாம்.

#3 டாரஸ்_டிரைவர்

18 வருஷமா ஓட்டுறேன், அதில் பாதி விறகு லோடுதான். "எவன் கேட்பான்" என்று சொல்பவர் வண்டியில் வரமாட்டார். ராத்திரி பதினொரு மணிக்குச் சோதனைச்சாவடியில் டார்ச் அடிக்கும்போது பதில் சொல்வது நான்தான்.

அண்ணே, ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே முதல் கேள்வி "என்ன மரம்", இரண்டாவது "எங்கே வெட்டினது". முதல் கேள்விக்கு விறகே பதில் சொல்லிவிடும். இரண்டாவதுக்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

#4 பழைய_மணியம்

மேட்டுக்காடு தம்பிக்கு. வருவாய்த் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெட்டுவது வேறு, ஏற்றுவது வேறு. இரண்டுக்கும் சட்டம் வேறு. ஏற்றிப் போவதற்குத் தமிழ்நாட்டில் 1968-ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. 1882-இல் மெட்ராஸ் வனச் சட்டமாக வந்து இன்றும் தமிழ்நாடு வனச் சட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறதே, அதன் கீழ் போட்ட விதிகள். தேக்கு, ஈட்டி மாதிரி பட்டியலில் உள்ள மரத்துக்கு, அது பட்டா நிலத்தில் நின்றிருந்தாலும், வனத்துறை பாஸ் இல்லாமல் வண்டி நகரக்கூடாது. சமவெளியில் பட்டா நிலத்தில் வெட்டிய சீமைக் கருவேலை, சவுக்கு, தைல மரம் இவற்றுக்கு அந்தப் பாஸ் தேவையில்லை. உங்கள் வியாபாரி சொன்னது அந்த அளவுக்குச் சரி.

ஆனால் "இது பட்டா நிலத்தில் வெட்டியது" என்பதை யார் நிரூபிப்பது? அங்கேதான் எல்லாரும் மாட்டுகிறார்கள். ஓடைப் புறம்போக்கில் நின்ற கருவேலைக்கும் உங்கள் நிலத்துக் கருவேலைக்கும் முகத்தில் வித்தியாசம் கிடையாது. கண்மாய்க்குள் நிற்பது அரசு சொத்து. அதை நீர்வளத் துறையோ ஊராட்சியோ ஏலம் விட்டுத்தான் வெட்டக் கொடுக்கும், ஏலம் எடுத்தவர் கையில் உத்தரவு இருக்கும். காப்புக்காட்டில் நின்றதென்றால் கதையே வேறு.

வடக்கு_வாசல் சொன்ன கோர்ட் விஷயம். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலையை அகற்ற உத்தரவு போட்டது உண்மை. பிறகு தடை, நிபுணர் குழு என்று அது பல சுற்றுப் போனது. 2022-இல் அரசு அயல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. இதில் எதுவும் "யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்" என்று சொல்லவில்லை. உத்தரவு அரசாங்கத்துக்கு, அரிவாளோடு நிற்கிற நமக்கு அல்ல.

ஆகவே முதலில் நிலத்தின் எல்லை. இணையத்தில் பட்டா நகல், புல வரைபடம் இரண்டையும் எடுங்கள். ஓடையை ஒட்டிய நிலம் என்கிறீர்கள். பன்னிரண்டு வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த இடத்தில் கருவேலை எல்லை பார்த்து வளராது. சர்வேயருக்குப் பணம் கட்டி அளந்து கல் போட்டுவிட்டு அப்புறம் அரிவாளைத் தொடுங்கள்.

#5 மேட்டுக்காடு

ஐயா, ரொம்ப நன்றி. பட்டாவை எடுத்துப் பார்த்தேன். அப்பா பெயரும் சித்தப்பா பெயரும் சேர்ந்து கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. இது ஒரு பிரச்சினையா?

#6 பழைய_மணியம்

பிரச்சினைதான், ஆனால் தீர்க்கக்கூடியது. அப்பா பெயரில் இருப்பதை வாரிசுச் சான்று வைத்து மாற்றுங்கள். அது வருகிறவரைக்கும், சித்தப்பாவும் உங்கள் வீட்டு வாரிசுகளும் "இந்தச் சர்வே எண்ணில் உள்ள சீமைக் கருவேலையை இன்னார் வெட்டிக்கொள்ளச் சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். விறகுத் தகராறில் பாதி வனத்துறையோடு வருவதில்லை, பங்காளியோடுதான் வரும். சித்தப்பா டிராக்டர் கதை சொல்லிப் பயமுறுத்துகிறார் என்றீர்களே, அவருக்கும் பங்கு உண்டு என்பதை ஜாடையாகச் சொல்கிறாரோ என்னவோ.

#7 மேட்டுக்காடு

ஹாஹா. இருக்கலாம் ஐயா.

#8 பனங்கிழங்கு

நான்கு பனை இருக்கிறது என்றீர்கள். அதில் கை வைக்காதீர்கள். பட்டா நிலம், சொந்தப் பனை என்ற பேச்செல்லாம் இங்கே எடுபடாது. 2021 வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். செங்கல் சூளைக்காரர்கள் லாரி லாரியாகப் பனையை அடித்து எரித்த வயிற்றெரிச்சலில் வந்தது அது. எங்கள் ஊர் ஏரிக்கரையில் நான் எண்ணி வைத்திருந்த பனை எல்லாம் அப்படித்தான் போனது.

ஜேசிபி விட்டுக் கருவேலையைப் பிடுங்குகிறவர்கள் "தெரியாம இடிச்சிருச்சு" என்று ஒரு பனையைச் சாய்ப்பார்கள். நான்கிலும் முதலிலேயே சுண்ணாம்பு அடித்து வையுங்கள். அடிப்பதற்கு முன் ஒரு போட்டோ, அடித்த பின் ஒரு போட்டோ.

#9 தென்மராட்சி

எங்கட பக்கத்திலும் பனைக்குச் சட்டம் இருக்கு. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் தறிக்க ஏலாது. சொந்தக் காணி என்றாலும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் போட வேணும். ஆண் பனையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, காய்க்காதுதானே. 2022இல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்ற காலத்தில் எங்கட வளவில் வேலிக்கு நட்ட கிளிசரியாக் கதியாலை வெட்டித்தான் அடுப்பு மூட்டினோம். அப்பவும் பலாவில் ஒருத்தரும் கை வைக்கவில்லை.

#10 பனங்கிழங்கு

காய்க்கிற பனைக்கு மட்டும் காவல்! எங்கள் சட்டம் எழுதியவர்களுக்கு இது தோன்றியதா தெரியவில்லை. தகவலுக்கு நன்றி தோழர்.

#11 டாரஸ்_டிரைவர்

தேக்கு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஆறேழு வருஷம் முன்னால், சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் கருவேலை ஏற்றினோம். வீட்டுக்காரர் மாட்டுக்கொட்டகை பிரித்த பழைய கழிகளையும், தேக்குக் கிளை நாலைந்தையும் "இதையும் தூக்கிப் போடுப்பா, எரிக்கத்தானே" என்று லோடுக்கு அடியில் போட்டுவிட்டார். கிளை என்றால் தொடை பருமன் கூட இல்லை.

வழியில் நிறுத்தினார்கள். பின்னால் கதவைத் திறந்ததும் வந்தவர் கண் நேராக அங்கேதான் போனது. வெட்டுவாயில் அந்த மஞ்சள் நிறம் தெரியும், நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தால் தேக்கு தேக்குதான். விறகு என்று நீங்கள் பெயர் வைத்தால் அவர்களுக்கு அது விறகு ஆகிவிடாது. வண்டி நான்கு நாள் நின்றது. கருவேலைக்குக் கேள்வியே இல்லை, அந்த நாலு கிளைக்குத்தான் எல்லாம். தோட்டக்காரர் போனை எடுக்கவே இல்லை.

அதிலிருந்து என் வண்டியில் ஒரே மரம்தான். வேம்பு என்றால் வேம்பு, கருவேலை என்றால் கருவேலை. கலப்படம் கிடையாது.

#12 சந்தேகம்_செல்வி

அப்படியானால் சொந்தத் தோட்டத்துத் தேக்கை விறகுக்குக் கூட வெட்ட முடியாதா?

#13 பழைய_மணியம்

முடியும் அம்மா. சமவெளியில் வைத்துப் பேசுகிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் மரம் இன்ன சர்வே எண்ணில் நிற்கிறது, உங்களுக்குச் சொந்தம் என்று உடைமைச் சான்று வாங்கி, வனச்சரக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் வந்து பார்த்து, அளந்து, கட்டைகளில் சுத்தியல் முத்திரை குத்திப் பாஸ் கொடுப்பார்கள். பாஸில் வண்டி எண், போகும் வழி, எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் இருக்கும். தேதி தாண்டினால் அது வெறும் தாள்தான். ஒரு மரத்துக்கு இவ்வளவு அலைச்சலா என்றால், ஆமாம், அவ்வளவு அலைச்சல்தான். மேட்டுக்காடு தம்பி அந்தத் தேக்கை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அப்பா வைத்த மரம் வேறு.

சந்தன மரம் பற்றி யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் உங்கள் கொல்லையில் முளைத்த சந்தனமும் அரசு சொத்து. 2002 திருத்தத்துக்குப் பிறகு நிலத்துக்காரருக்கே சொந்தம், 2008-இல் அதற்கென்று விதிகளும் வந்தன. ஆனாலும் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். பறவை எச்சத்தில் முளைத்து வேலியோரம் நிற்கும், உங்களுக்கே தெரியாது. வெட்டும் ஆளுக்குத் தெரியும்!

#14 கோத்தகிரி_குளிர்

சமவெளி என்று ஐயா இரண்டு தடவை அழுத்திச் சொன்னதைக் கவனியுங்கள். இதையெல்லாம் படித்துவிட்டு மலையில் யாரும் அரிவாளைத் தூக்கிவிடாதீர்கள்.

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பட்டா நிலம், நீங்களே நட்ட மரம் எல்லாம் அதற்குள் அடக்கம். கலெக்டர் தலைமையில் ஒரு குழு, அதற்கு மனு, வனத்துறை வந்து பார்வை, அப்புறம்தான் வெட்டு. ஈட்டி மரத்துக்கு 1994-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். கூடலூர் ஜென்ம நிலங்களில் (பழைய பரம்பரை உரிமை நிலங்கள்) 1949 தனியார் வனப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கற்பூர மரம் (நீங்கள் சொல்லும் தைல மரம்) மழையில் வேர் கிளம்பிக் கூரை மேல் சாய்ந்து நின்றது. எப்போது விழுமோ என்று குழந்தைகளை முன் அறையில் படுக்கவைத்தோம். அதற்கும் மனு எழுதி, போட்டோ வைத்து, வந்து பார்க்கும்வரை காத்திருந்துதான் வெட்டினோம். வெட்டிய மரத்தை எங்கள் அடுப்புக்கு உடைத்துக்கொண்டோம், கேட்டைத் தாண்டவிடவில்லை.

இன்னொரு வேடிக்கை. இங்கே தேயிலை ஃபாக்டரிகள் எல்லாம் விறகில்தான் இலை வாட்டுகின்றன, காயவைக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே மலை நிறைய மரம். ஆனால் கருவேலை லோடு கீழேயிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வருகிறது.

#15 வடக்கு_வாசல்

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். காட்டில் தானாகக் காய்ந்து விழுந்த சுள்ளியைப் பொறுக்கினால்கூடவா குற்றம்? எங்க பாட்டி காலம் பூரா தலைச்சுமை விறகில்தான் குடும்பம் ஓடியது.

#16 திம்பம்_காற்று

என் அம்மாவும் அப்படித்தான். அதனால் இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

1882 சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் மரம் வெட்டுவது, வனப்பொருளை எடுப்பது இரண்டுமே குற்றம். காய்ந்தது, விழுந்தது என்று சலுகை இல்லை. புலிகள் காப்பகம், சரணாலயம் என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் மேலே ஏறும். நடைமுறையில் வனக் காவலர் தெரிந்தவராக இருந்தால் விட்டுவிடுவார், மாறி வந்தவர் அரிவாளைப் பிடுங்கிக்கொள்வார். எங்கள் வீட்டில் மூன்று அரிவாள் அப்படிப் போயிருக்கிறது.

2006 வன உரிமைச் சட்டம் வந்தபிறகு தாளில் நிலைமை மாறியது. பழங்குடியினருக்கும் தலைமுறைகளாகக் காட்டை நம்பி வாழ்பவர்களுக்கும் சிறு வன மகசூல் மேல் உரிமை உண்டு. அந்தச் சிறு வன மகசூலின் விளக்கத்தில் தேன், மெழுகு, மூங்கிலோடு சுள்ளியும் அடிக்கட்டையும் சேர்ந்தே இருக்கிறது. முதலில் போட்ட விதியில் தலைச்சுமை, சைக்கிள், கைவண்டி இவற்றில்தான் கொண்டுபோகலாம் என்று எழுதியிருந்தார்கள். 2012-இல் அதைத் திருத்தி, பொருத்தமான எந்த வாகனத்திலும் கொண்டுபோகலாம், பாஸ் கொடுப்பது கிராம சபையின் குழு என்று ஆக்கினார்கள். சைக்கிள் கேரியரில் எத்தனை கட்டு வைக்கலாம் என்று டெல்லியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஆனால் கிராம சபை பாஸைக் காட்டினால் செக்போஸ்டில் "இது என்ன புதுசா இருக்கு" என்றுதான் இன்னும் பல இடங்களில் கேட்பார்கள். இது காட்டுக்குள் உரிமை உள்ளவர்களுக்கு மட்டும். வண்டி வைத்து வந்து அள்ளுகிற வியாபாரிக்கு இதில் இடமில்லை.

#17 வடக்கு_வாசல்

சுள்ளியைச் சட்டத்தில் எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைக்கவே இல்லை.

#18 கரிமூட்டம்

மேட்டுக்காடு, நானும் உங்கள் பக்கம்தான், முதுகுளத்தூர். வெட்டுவதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள்.

கருவேலையை மேலோடு வெட்டினால் அடுத்த மழைக்குத் தூரிலிருந்து ஒன்றுக்கு ஏழாகத் தழைக்கும். மூன்று வருஷத்தில் அதே காடு. விவசாயம் பண்ணப் போகிறீர்கள் என்றால் தூரோடு பிடுங்கச் சொல்லுங்கள். வியாபாரி மேல்கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு தூரை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார். இத்தனைக்கும் தூர் கரிக்கு மதிப்பு அதிகம், இறுகின கட்டை, நின்று எரியும். பேச்சிலேயே "தூரும் சேர்த்து, குழியை மூடி" என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் எடை. பச்சைக் கட்டை ஒரு எடை, பத்து நாள் வெயிலில் கிடந்தால் வேறு எடை. சில பேர் வெட்டிப் போட்டுவிட்டு இதோ அதோ என்று இழுத்து, காய்ந்த பிறகு வந்து ஏற்றுவார்கள். வெட்டின அன்றைக்கோ மறுநாளோ எடை போடணும் என்று பேசிக்கொள்ளுங்கள். எடை மேடை ரசீதில் காலி வண்டி எடை, லோடு எடை இரண்டும் இருக்கட்டும். ஒரு நகல் உங்களுக்கு. அந்த ரசீது காசுக்கு மட்டுமில்லை, நாளைக்கு யாராவது கேட்டால் எத்தனை லோடு போனது என்பதற்கும் அதுதான் சாட்சி.

நிலத்திலேயே கரி மூட்டம் போடுகிறேன் என்று வியாபாரி கேட்டால் யோசியுங்கள். நாலு டன் கட்டைக்கு ஒரு டன் கரி என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. கட்டையை அடுக்கி, மேலே தழை போட்டு, ஈரமண் பூசி, தீ வைத்துவிட்டால் அது ஒரு வாரம் புகையும். வெள்ளைப் புகை நீலமாக மெலிகிறவரை ராத்திரியும் ஆள் காவல் இருக்கணும். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் மொத்தமும் சாம்பல். பக்கத்தில் வீடு இருந்தால் புகைக்கு மனு போடுவார்கள், போடத்தான் செய்வார்கள். என் அம்மாவுக்கு இன்றும் இருமல் நிற்கவில்லை.

#19 டாரஸ்_டிரைவர்

கரிமூட்டம் அண்ணன் சொன்ன எடை விஷயத்தில் இன்னொன்று. ஆறு சக்கர லாரிக்கு வண்டியோடு சேர்த்து 18.5 டன், பத்துச் சக்கரத்துக்கு 28 டன். 2018-இல் கூட்டின கணக்கு இது. தாண்டினால் 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பாரத்தை இறக்கிவைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். விறகில் இன்னொரு ஆபத்து, எடை சரியாக இருந்தும் பக்கவாட்டில் கழி நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000. கருவேலை முள்ளோடு வளைந்து வளைந்துதான் வரும். பக்கக் குச்சி ஊன்றி உள்ளே இழுத்துக் கட்டாவிட்டால் எதிரே பைக் ஓட்டி வருகிறவன் முகத்தைக் கிழிக்கும்.

ஜிஎஸ்டி பற்றிச் சிலர் பயமுறுத்துவார்கள். எரிக்கிற விறகுக்கு வரி கிடையாது, சரக்கோடு போகிற இணையச் சீட்டான ஈ-வே பில்லும் வேண்டாம்.

டிராக்டரில் ஏற்றுவதாக இருந்தால், விவசாயத்துக்கு என்று பதிவு பண்ணின டிப்பரில் வாடகைக்கு விறகு அடித்தால் அது வேறு வழக்கு. வனத்துறைக்கு அதில் வேலையே இல்லை, ஆர்டிஓ பிடிப்பார். சித்தப்பா சொன்ன டிராக்டர் எதற்காக நின்றது என்று கேட்டுப் பாருங்கள்.

#20 சந்தேகம்_செல்வி

நாங்கள் தென்காசி பக்கம். இங்கிருந்து விறகு கேரளாவுக்கு நிறையப் போகிறது. மாநிலம் தாண்டினால் எப்படி?

#21 பழைய_மணியம்

முன்பு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பாஸ். 2023 டிசம்பர் கடைசியில் நாடு முழுவதற்கும் ஒரே இணையவழிப் பாஸ் முறையை மத்திய அரசு தொடங்கியது. கட்டுப்பாடுள்ள மரத்துக்கு விண்ணப்பம் போட்டுப் பாஸ். விலக்கு பெற்ற மரத்துக்கு நீங்களே பதிவு செய்து ஆட்சேபனையின்மைச் சான்றை இறக்கிக்கொள்ளலாம். கியூஆர் குறியீடு இருப்பதால் செக்போஸ்டில் போனை வைத்தே பார்த்துவிடுவார்கள். இங்கே விலக்கு உள்ள மரம் எல்லைக்கு அப்பால் விலக்கு இல்லாமல் இருக்கலாம், இறங்கும் ஊர் விதியையும் பார்த்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

#22 இருள்நீக்கி

நிலம், மரம், வண்டி எல்லாம் பேசியாயிற்று. வெட்டுகிற ஆட்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.

மேட்டுக்காடு, "தானே ஆள் வைத்து வெட்டி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆட்கள் யார் என்று கேட்டீர்களா? 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டார்கள். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக வருஷக்கணக்கில் குழந்தை குட்டியோடு வெட்டிக்கொண்டிருந்தவர்கள். அங்கே ஒரு பெரியவர் அதிகாரி காலில் விழுந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. ஆனால் உங்கள் நிலத்தில் குடிசை போட்டுத் தங்கி வெட்டும்போது அதிகாரி வந்தால் முதலில் நிலம் யாருடையது என்றுதான் கேட்பார். கூலி யார் கையில் போகிறது, வாரம் ஒருமுறையாவது ஊருக்குப் போக விடுகிறார்களா என்று ஒரு நடை போய் அவர்களிடமே பேசுங்கள். வியாபாரி பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள்.

#23 மேட்டுக்காடு

உண்மையிலேயே இதை நான் யோசிக்கவில்லை. இந்த வாரம் ஊருக்குப் போகிறேன், போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

#24 பனங்கிழங்கு

போகும்போது புதருக்குள் மயில் முட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். 1972 சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே பறவை முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். ஜேசிபிக்காரருக்கு அது தெரியாது.

#25 மேட்டுக்காடு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் சித்தப்பாவின் டிராக்டர் கதை. விசாரித்தேன். விறகு, ஏலம் போகாத கண்மாய்க் கரையில் வெட்டியது. டிரைவர் "பட்டா நிலம்தான்" என்றிருக்கிறார். யார் பட்டா என்று கேட்டதும் வாய் அடைத்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

சர்வேயர் வந்தார். ஓடைப் பக்கம் நாங்கள் எங்களுடையது என்று நினைத்திருந்த ஒரு துண்டு, ஏழெட்டு சென்ட் இருக்கும், புறம்போக்கு. அதில்தான் பெரிய பெரிய கட்டைகளாக நின்றன. வியாபாரி முகம் போன போக்கைப் பார்க்கணும். கல் நட்டு, கல்லிலிருந்து கல்லுக்குச் சிவப்புக் கயிறு கட்டினோம். அந்தப் பக்கம் தொடவில்லை.

சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். பாதிப் பங்கு கேட்கவில்லை, "தூர்க் கரி ரெண்டு மூட்டை குடுத்துரு" என்றார். மணியம் ஐயா சொன்னதைப் படித்துக் காட்டினேன், சிரித்தார்.

முதலில் வந்த வியாபாரியை விட்டுவிட்டேன். ஆட்களைப் பார்க்க வேண்டும், எங்கே தங்குவார்கள் என்று கேட்டதும் "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு" என்றார், அதுவே போதும் என்று தோன்றியது. இப்போது வெட்டுவது உள்ளூர் ஆட்கள் ஆறு பேர், கூலியை அன்றாடம் நானே கையில் கொடுக்கிறேன். டன்னுக்குக் கிடைப்பது குறைகிறது, பரவாயில்லை. பனை நான்குக்கும் சுண்ணாம்பு அடித்தாயிற்று. தேக்கு நிற்கிறது.

நேற்று முதல் லோடு போனது. ஆறு சக்கர வண்டி, விறகு மட்டும் 9 டன் 400 கிலோ. டிரைவர் கையில் பட்டா நகல், புல வரைபடம், சம்மதக் கடிதம், விஏஓ எழுதிக் கொடுத்த ஒரு தாள், எடை ரசீது எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். பரமக்குடி தாண்டி ஒரு இடத்தில் நிறுத்தினார்களாம். உறையை வாங்கிப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

கிணற்று மேட்டுக்குக் கீழே மயில் முட்டை இருக்கிறது. ஐந்து. அதைச் சுற்றிப் பத்தடிக்குக் கருவேலையை விட்டு வைத்திருக்கிறோம். எத்தனை நாளில் குஞ்சு பொரிக்கும், யாருக்காவது தெரியுமா?

#26 பனங்கிழங்கு

நாலு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நாயை மட்டும் அண்டவிடாதீர்கள்.

#27 டாரஸ்_டிரைவர்

பிரிக்காமல் கொடுத்தார்கள் என்று அடுத்த லோடுக்கு உறையை வீட்டில் வைத்துவிடாதீங்க அண்ணே. அன்றைக்குத்தான் பிரிப்பார்கள்.